பருத்தித் தண்டில் குடியிருந்த புழு

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே சென்னை மாகாணத்தில் அடியெடுத்து வைத்து, கோயமுத்தூர் ஜில்லாவின் செம்மண் தோட்டங்களில் கவலையிறைத்த கிணற்று நீரில் செழித்து, இழையின் நீளத்தால் ஆலைக்காரரின் அபிமானத்தைப் பெற்ற கம்போடியாப் பருத்தியின் கீர்த்தியை எடுத்துரைப்போர் பலர். அச்செடியின் தண்டுக்குள்ளேயே அதனோடு கூடப் பெருகிய ஓர் அற்ப ஜந்துவை நினைப்போர் மிகச் சிலரே.

அந்த ஜந்துவாகிய தண்டுக் கூன்வண்டு நமக்குப் புதியதன்று. துத்தி முதலிய காட்டுச் செடிகளை அண்டி, பருத்தி வராத இடங்களிலும் அது ஜீவித்து வந்தது. தாய் வண்டு இளந்தண்டில் தன் மூக்கினால் சிறு குழி பறித்து முட்டையிட, அதிலிருந்து வெளிப்படும் காலற்ற வெண்புழு, பட்டைக்கும் கட்டைக்கும் இடையே தண்டைச் சுற்றிக் குடைந்து தின்ன, அந்தக் காயத்தை ஆற்ற முயலும் செடி அவ்விடத்தில் திசுக்களைப் பெருக்கிக்கொள்ள, தரைக்குச் சற்று மேலே தண்டு கழலைபோல் வீங்கிவிடுகிறது. அந்த வீக்கத்துக்குள் 35 முதல் 57 நாள் வரை வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகித் துளையிட்டு வெளியேறும் வரை அதற்கு வெயிலுமில்லை, மழையுமில்லை, மருந்துமில்லை. இளஞ்செடியாயின் வாடிச் சாகும். தப்பிய செடியோ, காய் பிடித்துக் கனத்த பருவத்தில் பெருங்காற்று வீச, வீங்கிய இடத்தில் முறிந்து விழும். குடியானவனின் வருஷத்து உழைப்பு அறுவடைக்குச் சில வாரங்களே இருக்கையில் சாய்வதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

இப்புழுவின் பெருக்கத்துக்கு வழி செய்தது நமது வழக்கமே என்பேன். ஒரு மகசூல் எடுத்த பின்னும் செடியைப் பிடுங்காமல் மறுவெடிப்புக்காக நிலத்தில் விட்டுவைத்ததால், புழுவுக்கு ஆண்டு முழுவதும் இருப்பிடம் கிடைத்தது. 1919-இல் இயற்றப்பட்ட சென்னை விவசாயப் பூச்சி நோய்ச் சட்டத்தைக் கொண்டு, குறித்த கெடுவுக்குள் கம்போடியாச் செடிகளைப் பிடுங்கிவிட வேண்டுமென்று சர்க்கார் உத்தரவிட்டது. இரண்டாம் வெடிப்பின் வருமானத்தை நம்பியிருந்தவர்களுக்கு அது கசந்திருக்கும். ஆயினும் அந்த உத்தரவு நியாயமானதே.

1906-இல் கோயமுத்தூரில் நிலைபெற்ற விவசாயக் கல்லூரியின் பூச்சியியல் அறிஞர்கள் இப்புழுவின் ஜீவிதத்தையும், அதைத் தேடிக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் பல்லாண்டு ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவரான டி. வி. ராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிய தமது கைந்நூலை 1940-இல் வெளியிட்டார். எத்தனை மருந்துகள் பின்னர் வந்தபோதிலும், செடியின் அடித்தண்டுக்கு மண் அணைப்பதும், மகசூல் முடிந்தவுடன் பருத்திமாரை வேரோடு பிடுங்கி அழிப்பதும் இன்றளவும் விவசாயிக்குச் சொல்லப்படும் யோசனைகளாகவே இருக்கின்றன.