கடிகாரக்காரர் செய்த ஆர்கன்

1937. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராக்ஃபெல்லர் தேவாலயத்தில் சில இசைக்கலைஞர்களும் சில சாதாரண ரசிகர்களும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே இருந்தவை இரண்டு வாத்தியங்கள். ஒன்று, 75,000 டாலர் பெறும் என்று மதிப்பிடப்பட்ட ஸ்கின்னர் குழாய் ஆர்கன். மற்றது, சந்தைக்கு வந்து இரண்டே வருடங்களான மின்சாரப் பெட்டி. கேட்பது எதன் ஒலி என்று அவர்கள் சொல்ல வேண்டும். கச்சேரி மாதிரித் தெரிந்தாலும் நடந்தது ஒரு வழக்கு விசாரணை.

புகார் கொடுத்தது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம். "எங்கள் பெட்டி 10,000 டாலர் குழாய் ஆர்கனுக்குச் சமம்" என்று ஹாமண்ட் நிறுவனம் விளம்பரம் செய்தது பொய் என்பது குற்றச்சாட்டு. கேட்டவர்கள் ஏறக்குறைய பாதி நேரம் தப்பாகவோ குத்துமதிப்பாகவோதான் சொன்னார்கள் என்று ஹாமண்டின் வக்கீல்கள் வாதிட்டார்கள். குழாய் ஆர்கனையே மின்சார ஆர்கன் மாதிரி ஒலிக்கும்படி திருகிவைத்துவிட்டார்கள் என்றது எதிர்த்தரப்பு. 1938இல் ஆணையம் அந்த விளம்பர வாசகங்களுக்குத் தடை போட்டது. நிறுவனமோ தோற்ற மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு மலிவுப் பெட்டியையும் மாபெரும் ஆர்கனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாடே பேசியதைவிட வேறென்ன விளம்பரம் வேண்டும்?

அந்தப் பெட்டியைச் செய்த லாரன்ஸ் ஹாமண்டுக்கு ஆர்கன் வாசிக்கத் தெரியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவர். தொழில் மின்சாரக் கடிகாரம். அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி ஓடுகிறது அல்லவா, அந்த ஓட்டத்தோடு பிசகாமல் சுற்றும் மோட்டார்தான் அவருடைய கடிகாரங்களின் உயிர். பொருளாதாரப் பெருமந்தத்தில் கடிகார வியாபாரம் படுத்தது. தானாகவே சீட்டுப் பிரித்துப் போடும் பிரிட்ஜ் மேசை ஒன்றைச் செய்து சிறிது காலம் ஓட்டினார். பிறகு, இவ்வளவு சீராகச் சுற்றும் மோட்டாரால் சீரான ஸ்வரத்தையும் எழுப்பலாமே என்று தோன்றியது. பழைய பியானோ ஒன்றை வாங்கி, கட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துப் போட்டார். ஒலி சரியா என்று கேட்டுச் சொல்ல அவருக்குக் கிடைத்த ஆள், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துவந்த அவருடைய நிறுவனப் பொருளாளர்! 1934 ஜனவரியில் விண்ணப்பம் போட்டார். ஏப்ரலில் காப்புரிமை கைக்கு வந்துவிட்டது.

பெட்டியைத் திறந்தால் மோட்டார் சுழற்றும் உலோகச் சக்கரங்கள் வரிசையாக. பிற்காலத்தில் புகழ்பெற்ற பி-3 மாடலில் மொத்தம் 91. ஒவ்வொன்றின் விளிம்பிலும் மேடு பள்ளம். பக்கத்தில் கம்பி சுற்றிய காந்தம். மேடு காந்தத்தைக் கடக்கும்போதெல்லாம் கம்பியில் மின்சாரம் துடிக்கும், அந்தத் துடிப்பே ஸ்வரம். வாசிப்பவருக்கு முன்னால் ஒன்பது ஒன்பதாக டிராபார் என்ற இழுப்புக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 8 வரை எண்கள். எதை எவ்வளவு இழுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் குரல் மாறும். முதல் மூன்றை முழுக்க இழுத்து மீதியை உள்ளே தள்ளினால் 888000000. ஜாஸ் ஆர்கன்காரர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் எண் அது.

முடுக்குவதும் ஒரு சடங்கு. 'ஸ்டார்ட்' விசையைச் சில விநாடிகள் பிடித்திருந்து சக்கரங்கள் வேகம் எடுத்ததும் 'ரன்' விசையையும் போட்டு, இன்னும் சற்றுப் பொறுத்து முதல் விசையை விட வேண்டும். இந்த வாத்தியத்துக்குச் சுருதி கூட்டும் வேலையே கிடையாது; மின்சாரமே சுருதி. திறந்தவெளி மேடையில் ஜெனரேட்டர் தளர்ந்தால் மொத்த ஆர்கனும் சுருதி இறங்கிவிடும் என்பது அதன் மறுபக்கம்.

வாங்கியவர்களில் தேவாலயத்தார் ஏராளம். குழாய் ஆர்கன் வாங்க வக்கில்லாத சபைகளுக்கு இது வரப்பிரசாதம். தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்களால் சிகாகோவின் தென்பகுதி நிரம்பிக்கொண்டிருந்த காலம். கடைகளாக இருந்த இடங்களிலேயே சபைகள் முளைத்தன. 1939இல் கென்னத் மோரிஸ் என்ற காஸ்பல் இசையமைப்பாளர் அங்கே 'ஃபர்ஸ்ட் சர்ச் ஆஃப் டெலிவரன்ஸ்' சபைக்குள் ஹாமண்டைக் கொண்டுவந்தார். அதன்பின் பிரசங்கியார் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஆர்கன் பதில் சொல்லத் தொடங்கியது: முதலில் ஒரு முனகல், பிறகு ஓர் அதட்டல், கடைசியில் சபையே எழுந்து நிற்கும்படி ஒரு கூவல். ப்ளூஸ் பாடகர் ஒரு வரி பாடி நிறுத்த, கிட்டார் பதில் கொடுக்கும் அதே பழக்கம்தான் இது. ஞாயிறு காலை சபையில் வாசித்த விரல்கள் சனிக்கிழமை இரவு எங்கே இருந்தன என்று யாரும் துருவிக் கேட்கவில்லை.

அந்தக் குரல் கூவியதற்குப் பாதிக் காரணம் வேறொருவர். லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த டான் லெஸ்லி, கடையின் பெரிய கூடத்தில் கேட்டு மயங்கி ஒரு ஹாமண்டை வாங்கினார். வீட்டில் வாசித்தால் சப்பென்று இருந்தது. ஒலிபெருக்கியின் வாயில் சுழலும் கொம்பு ஒன்றைப் பொருத்தினார். ரயில் நெருங்கும்போது அதன் ஊதல் ஏறியும் விலகும்போது இறங்கியும் கேட்கிறதே, அது விநாடிக்குப் பல முறை நிகழ்ந்தது. ஒலி அலைந்தது, நடுங்கியது, உயிர் பெற்றது. ஹாமண்டிடம் கொண்டுபோய்க் காட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லெஸ்லி தானே தயாரித்து விற்றார். ஹாமண்ட் வாங்கியவர்கள் அடுத்து வாங்கியது லெஸ்லியைத்தான். தன் வாத்தியத்தின் பாதிக் குரலை அடுத்தவர் விற்பதை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த நிறுவனத்தின் வீம்பை என்னவென்பது!

இன்னொரு தலைவலியும் இருந்தது. கட்டையை அழுத்தியதும் அடியில் ஒன்பது தொடுமுனைகள் மயிரிழை முன்பின்னாகச் சேர்வதால் 'டிக்' என்று ஒரு சத்தம் எழும். தேவாலய இசைக்கு அது குறை. அதைக் குறைக்கப் பொறியாளர்கள் பாடுபட்டார்கள். ஜாஸ்காரர்களுக்கோ அது தாளம். வேகமாக ஓடும் ஸ்வரங்களுக்கு அந்த 'டிக்' ஒரு விளிம்பு கொடுத்தது.

அதை முழுமையாகக் காட்டியவர் ஜிம்மி ஸ்மித். பென்சில்வேனியாவின் நாரிஸ்டவுனில் பிறந்த பியானோக்காரர். வைல்ட் பில் டேவிஸின் ஆர்கனைக் கேட்ட பிறகு, 1950களின் தொடக்கத்தில் தாமும் ஒரு ஹாமண்டை வாங்கிக் கிடங்கு ஒன்றில் போட்டுச் சாதகம் செய்தார். கால் வாசிப்புக்கு வாத்தியார் இல்லை. மிதிகட்டைகளின் படத்தை வரைந்து எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டார், குனிந்து பார்க்காமல் கால் பழக வேண்டுமே. 1956இல் ப்ளூ நோட் நிறுவனம் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. 'தி செர்மன்' என்ற தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே ப்ளூஸ், இருபது நிமிடம். பெயர் பிரசங்கம், வாசிப்பும் அப்படியே.

ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் என்ற மூவர் அணி வேரூன்றியதற்குக் கலை மட்டும் காரணமில்லை. பாஸ் வரியை இடது கையும் காலுமே பார்த்துக்கொள்வதால் ஓர் ஆள் கூலி மிச்சம். பிலடெல்பியாவின் சின்னக் கிளப் முதலாளிகளுக்கு இது உடனே புரிந்தது. ஷெர்லி ஸ்காட், ஜாக் மெக்டஃப், ஜிம்மி மெக்ரிஃப் என்று ஒரு வரிசையே கிளம்பியது.

ராக் உலகுக்குள் ஹாமண்ட் நுழைந்தது கொல்லைப்புற வழியாக. 1962இல் மெம்ஃபிஸில் 17 வயது புக்கர் டி. ஜோன்ஸ் 'க்ரீன் ஆனியன்ஸ்' என்ற 12 பார் ப்ளூஸை வீட்டுக் கூடத்துக்கென்று செய்யப்பட்ட சிறிய எம்-3 மாடலில் வாசித்தார். 1965இல் பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பதிவுக்கு கிட்டார் வாசிக்கும் ஆசையோடு வந்த அல் கூப்பர், காலியாக இருந்த ஆர்கன் இருக்கையில் நைசாகப் போய் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களின் வாசிப்பு எங்கே போகிறது என்று காதில் வாங்கிய பிறகே கட்டையைத் தொட்டதால் அவர் வாசிப்பு சற்றுப் பிந்தியே வருகிறது. அந்தப் பிந்தலே பாட்டின் முகமாகிவிட்டது. ஆர்கன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் பிழைத்தேன், அந்த இரண்டு விசைச் சடங்கு எனக்குத் தெரியாது என்று கூப்பரே பிற்பாடு சிரித்துக்கொண்டு சொல்வார்.

லண்டனில் கதை செவ்வியல் இசைமேதை பாக் பக்கம் திரும்பியது. 1967இல் ப்ரோகால் ஹாரம் குழுவின் 'எ வொய்ட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டில் மாத்யூ ஃபிஷர் வாசித்த ஆர்கன், பாக்கின் சாயல் கொண்டது. ஆனால் பாட்டுக்கு உரிமையாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பல வருடம் கழித்து வழக்குப் போட்டார். 2006இல் உயர் நீதிமன்றம் இசை உரிமையில் 40 சதவீதம் அவருக்கு என்றது. மேல்முறையீட்டில் பணப் பங்கு போயிற்று. 2009இல் பிரபுக்கள் சபை அதை மீட்டுக் கொடுத்தது. இசைப்பவர் இசையமைப்பாளரும் ஆவது எப்போது என்று மூன்று மன்றங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டன.

இன்னொரு ராக் ஆர்கன்காரரான கீத் எமர்சன் இன்னும் போக்கிரி. மேடையில் கட்டைகளுக்கிடையே கத்தியைச் செருகிவிடுவார். ஸ்வரம் நிற்காமல் அலற, அவர் மறுபக்கம் தாண்டிப்போய் வாசிப்பார். அதே மனிதர்தான் முசோர்க்ஸ்கியின் 'பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்' இசையை ராக் மேடைக்குக் கொண்டுவந்தார். டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட், லெஸ்லியை ஒதுக்கிவிட்டு கிட்டார்காரர்களின் மார்ஷல் ஒலிபெருக்கியில் ஹாமண்டைச் செருகி அதை உறுமவைத்தார். 1969 செப்டம்பர் 24 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் மால்கம் ஆர்னால்ட் நடத்திய ராயல் ஃபில்ஹார்மோனிக்கோடு அவருடைய கான்செர்ட்டோ அரங்கேறியது. மேற்கத்திய செவ்வியல் உலகமும் சும்மா இருக்கவில்லை. 1965இலேயே இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் பாடகர் குழுவோடு ஹாமண்டை இணைத்து 'மைக்ரோஃபோனி 2' எழுதியிருந்தார்.

லாரன்ஸ் ஹாமண்ட் 1973இல் இறந்தார். சக்கர ஆர்கன்களின் தயாரிப்பும் அதே பத்தாண்டின் நடுவில் நின்றுபோனது. பி-3யை நகர்த்தவே ஆள்படை வேண்டும், எடை 190 கிலோவை ஒட்டி வரும். கைக்கடக்கமான சிந்தசைசர்களோடு அது போட்டி போட முடியவில்லை. பெயர் பின்னாளில் ஜப்பானின் சுசூகி இசைக்கருவி நிறுவனத்துக்குப் போனது. இப்போது அந்தப் பெயரில் வருவது சக்கரமே இல்லாத மின்னணு ஆர்கன். அதன் அமைப்புப் பட்டியலில், அந்தப் பழைய 'டிக்' சத்தம் எவ்வளவு வேண்டும் என்று கூட்டிக் குறைக்கத் தனி இடம் வைத்திருக்கிறார்கள்.