நோய் முற்றிய பின்னும் தொடரும் மருத்துவம்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, தமது 'கிதாபுத் தஸ்ரீஃப்' நூலில் புற்றுநோயைப் பற்றி ஒளிவு மறைவின்றி எழுதினார். நாட்பட்டுப் பெருத்துவிட்ட கட்டியை அறுக்க முனையாதீர்கள். அத்தகைய ஒருவரைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதுமில்லை என்பது அவர் கூற்றின் சாரம். அறுக்க இயலாத அந்த நோயாளியை அதன்பின் யார் பார்ப்பது?

நம் முன்னோர் அதற்கு வக்ஃபின் வழியே விடை தேடினர். 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மன்ஸூரீ மருத்துவமனையில் ஏழை, செல்வர் என்ற பேதமின்றி நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். அங்கே இறந்தவரின் கஃபன் செலவையும் வக்ஃபே ஏற்றது.

நம் நாட்டில் இக்காலத்து முன்னோடி ஒரு புற்றுநோய் மருத்துவரே. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் அறுவை நிபுணர் எல். ஜே. டி சூசா, சிகிச்சை பலிக்காமல் திருப்பி அனுப்பப்பட்டோருக்காக 1986இல் பாந்திராவில் சாந்தி அவேத்னா இல்லத்தைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் அதுவே. வலி, வாந்தி, மூச்சுத்திணறல், ஆறாத புண் ஆகியவற்றைத் தணிப்பதும், குடும்பத்தாரிடம் உண்மையை இதமாகச் சொல்வதும் அங்கே மருத்துவத்தின் பகுதிகளாயின. புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபினைப் படிப்படியாகக் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில், 1985இல், வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமைக்கு அஞ்சி மருந்தகங்கள் மார்ஃபினை வைக்கவே தயங்கின. அரசு உரிமத்துடன் அபினி விளையும் நாட்டில், வலியால் துடித்தவருக்கு அது எட்டவில்லை! 2014இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் அதை இருப்பு வைப்பது எளிதாயிற்று.

சட்டம் தளர்ந்தும் நம் இல்லங்களில் தயக்கம் தளரவில்லை. பள்ளிபாளையத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஈரோட்டு மருத்துவமனைகள். தறியை நம்பி வாழும் குடும்பங்கள் கடன் வாங்கி அங்கே செல்கின்றன. நோய் எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிவிட்டது என்றறிந்த பிறகு, "மார்ஃபின் போதைதானே, ஹராம் அல்லவா?" என்று கேட்கிறார்கள். போதைக்காக உட்கொள்வது வேறு. வேறு வழியற்ற வேதனையில் மருத்துவர் அளந்து கொடுப்பது வேறு. நிர்ப்பந்த நிலைக்குரிய சலுகையை ஃபிக்ஹ் நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. வலியைத் தாங்குவதுதான் ஸப்ரு, மருந்து கேட்பது ஈமானின் குறைவு என்று நோயாளியிடம் சொல்வோர் மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவிய நபி (ஸல்) அவர்களின் வழியை மறந்து பேசுகிறார்கள்.

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றவருக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. அக்கடமை ஓர் ஊர் ஏற்பாடாகவே மாறியதை அண்டையிலுள்ள கேரளத்தில் காணலாம். மயக்கவியல் மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் முதலியோர் 1993இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கத்தை நிறுவினர். சில ஆண்டுகளில் அம்முயற்சி, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறத்தின் கிராமங்களுக்குப் பரவியது. எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து சிறுசிறு நன்கொடைகளால் அதை நடத்தினர். பயிற்சி பெற்ற தன்னார்வலர் வாரத்தில் சில மணி நேரம் நோயாளியின் வீட்டுக்குச் சென்றனர். அவர்களோடு செவிலியரும், தேவைப்படும்போது மருத்துவரும் சென்றனர். புண்ணைத் துடைத்தனர், மருந்து தந்தனர், அடுப்பு எரியாத வீட்டுக்கு அரிசியும் கொடுத்தனர். 2008இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே அறிவித்தது.