தரகர் காசு: ஒரு தீவு விற்ற கதையும் நம்மூர் வளவும்



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர்ப் பக்கம் காணி விற்று வாங்கியவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல.

"ஆளக் காட்டித் தந்தீங்க, சரி. மத்ததெல்லாம் நாங்க ரெண்டு பேரும் நேரா இருந்து பேசி முடிச்சிட்டம் காக்கா. அதுக்குப் போய் இவ்வளவு காசு கேக்கிறீங்களே?"

80 இலட்சத்துக்கு ஒரு வளவு கைமாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு இரண்டு என்று பேசியிருந்தால் தரகருக்கு 160,000 ரூபாய். வளவைக் காட்டும் வரை அது எல்லோருக்கும் சின்னக் காசு. உறுதி எழுதும் நாள் நெருங்கியதும் பெரிய காசாகி விடுகிறது. விற்பவர் தொலைபேசியை எடுப்பதில்லை. வாங்குபவர், "நீங்க பேசினது அவரோடதானே, அவரிட்டக் கேளுங்க" என்கிறார். நொத்தாரிசிடம் போகும் நாளை மட்டும் யாரும் தரகருக்குச் சொல்வதில்லை.

தரகர் தொடக்கி வைத்த விற்பனையை, அவரை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டு பேரும் முடித்துக்கொண்டால் அவருக்குக் காசு கேட்க உரிமை இருக்கிறதா? இதை மனச்சாட்சி விஷயம், விரும்பினால் கொடுப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் 160 வருடங்களுக்கு முன்பே ஒரு நீதிமன்றம் தீர்த்து வைத்த கேள்வி இது. அந்தத் தீர்ப்பு நம்மூர் வரைக்கும் எப்படி வந்தது என்பதும் சுவையான வரலாறுதான்.

ஒரு தீவு விற்ற கதை

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் உள்ள கடலில் ஹெர்ம் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அந்தத் தீவை விற்றுத் தரும்படி அதன் உரிமைக்காரர் பார்ட்லெட், கிரீன் என்ற ஏலக்காரரிடம் பொறுப்புக் கொடுத்தார். ஏலத்திலோ வேறு வழியிலோ விற்கலாம், விற்றால் கொமிசன் என்பது பேச்சு. கிரீன் ஏலம் கூறினார். தீவு விலை போகவில்லை.

ஆனால் அந்த ஏலத்துக்கு வந்திருந்த ஒருவர், காணிக்காரர் யார் என்று கிரீனிடம் கேட்டு அறிந்துகொண்டார். பிறகு நேராக உரிமைக்காரரிடம் போய்ப் பேசி வாங்கிவிட்டார். "உன் ஏலத்தில் விற்கவில்லை, நான்தான் விற்றேன்" என்றார் உரிமைக்காரர். கிரீன் வழக்குப் போட்டார்.

1863இல் வந்த தீர்ப்பு கிரீனுக்குச் சாதகமானது. வாங்குபவர், விற்பவர் என்ற உறவை உண்மையில் உண்டாக்கியது தரகரின் செயல்தான் என்றால், கடைசிப் பேச்சில் அவர் இல்லாவிட்டாலும் கொமிசன் அவருக்குரியது என்பதே அதன் சாரம். "ஆளைக் காட்டினது மட்டும்தானே" என்ற வாதத்துக்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிட்டது. ஆளைக் காட்டுவதுதான் அந்த வேலை. அதற்குத்தான் காசு.

இலண்டன் தீர்ப்பு இங்கே எதற்கு?

ஒல்லாந்தர் விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டத்தை பிரித்தானியர் முதலில் அப்படியே வைத்துக்கொண்டார்கள். காணி, ஒப்பந்த விடயங்களில் அதன் தடம் இன்றும் உண்டு. பிறகு கோப்பித் தோட்டக் காலம் வந்தது. வியாபாரம் பெருகியது, ஆங்கில வியாபாரிகள் தங்களுக்குப் பழகிய சட்டத்தையே விரும்பினார்கள்.

குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் வந்தது அந்தக் காலத்தில்தான். பங்குடைமை, வங்கி, காப்புறுதி போன்ற விடயங்களில் இங்கிலாந்தில் என்ன சட்டமோ அதுவே இலங்கையிலும் என்று அது சொன்னது. அந்தப் பட்டியலில் முதல்வரும் முகவரும் என்ற விடயமும் இருக்கிறது. ஒருவருக்காக இன்னொருவர் நின்று காரியம் பார்ப்பதைப் பற்றிய சட்டம் அது. காணித் தரகர் கொமிசன் கேட்கும் வழக்கில் ஆங்கிலத் தீர்ப்புகளைச் சட்டத்தரணிகள் எடுத்துப் பேசுவதற்கு வாசல் அதுதான்.

"எழுத்து எங்கே?"

அடுத்து வரும் வாதம் இது: "காணி விஷயம் வாய்ப்பேச்சில் செல்லாது. எழுத்து இருக்கா?"

இதில் பாதி உண்மை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனையும் விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்பு, இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். ஆனால் தரகர் கேட்பது காணியை அல்ல, தன் உழைப்புக்கு வாக்களித்த காசை. அந்த வாக்கு காணியின் உரிமையை மாற்றுவதில்லை. அதனால் வாயால் பேசியது என்பதற்காக மட்டும் அது இல்லாமல் போகாது. நிரூபிப்பதுதான் கஷ்டம். சாட்சி, வட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு எல்லாம் பெறுமதியாவது அந்த இடத்தில்தான்.

இன்னொன்று, காலம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, எழுத்தில் இருக்கும் ஒப்பந்தத்துக்கு 6 வருடத்துக்குள்ளும் எழுத்தில்லாத ஒப்பந்தத்துக்கு 3 வருடத்துக்குள்ளும் வழக்குப் போட வேண்டும். "பாப்பம், தருவாங்க" என்று காத்திருந்தே உரிமையை இழப்பவர்கள் உண்டு.

தரகருக்குப் பின்னால் விற்றால்

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருந்து ஒரு நிலக்கரிச் சுரங்க வழக்கு 1910இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குப் போனது. 1971 வரை நமது வழக்குகளுக்கும் கடைசி வாசல் அந்தக் கவுன்சில்தான். தரகர் பேர்ச்செல் கொண்டுவந்த ஆட்களுக்கே, அவருக்குத் தெரியாமல், அவர் வேண்டாம் என்று சொன்ன நிபந்தனையிலேயே கொம்பனி விற்றுவிட்டது. முதுகுக்குப் பின்னால் விற்றது ஒரு பதிலே ஆகாது, விற்பனைக்குக் காரணமாக இருந்தவர் தரகர்தான் என்று தீர்ப்பானது.

ஆனால் சட்டம் தரகர் பக்கம் மட்டும் நிற்கவில்லை. மூன்று வழக்குகளை நமது தரகர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, 1903இல் மில்லர் எதிர் ராட்ஃபோர்ட். தரகர் வாடகைக்கு ஒருவரைப் பிடித்துக் கொடுத்தார், அதற்கான கொமிசனும் வாங்கினார். ஓராண்டுக்கு மேல் கழித்து அந்த வாடகைக்காரரே அந்த ஆதனத்தை விலைக்கு வாங்கினார். "நான் கொண்டுவந்த ஆள்தானே" என்று விற்பனைக்கும் தரகர் கொமிசன் கேட்டார். கிடைக்கவில்லை. அந்த விற்பனைக்கு உண்மையான காரணம் அவர்தான் என்று காட்ட முடியவில்லை. ஒரு தடவை அறிமுகம் செய்துவிட்டு வாழ்நாள் முழுக்கப் பங்கு கேட்க முடியாது.

இரண்டு, அதே 1903இல் அன்ட்ரூஸ் எதிர் ராம்சே. விற்பவரிடம் 50 பவுண் கொமிசன் பேசிய தரகர், வாங்குபவரிடமும் இரகசியமாக 20 பவுண் வாங்கினார். விடயம் வெளியே வந்தது. அந்த 20 பவுணும் போனது, 50 பவுண் கொமிசனும் போனது. இரண்டு பக்கமும் வாங்குவது நம்மூரில் சாதாரணம். இரண்டு பேருக்கும் சொல்லி, இரண்டு பேரும் சம்மதித்திருந்தால் குறையில்லை. மறைத்து வாங்கினால் நியாயமான கூலியையும் சேர்த்து இழக்க வேண்டி வரும்.

மூன்று, 1941ஆம் ஆண்டு சட்ட அறிக்கையில் பதிவான லக்சர் எதிர் கூப்பர். நான்கு சினிமாத் தியேட்டர்களை விற்றுக் கொடுத்தால் 10,000 பவுண் என்று பேச்சு. தரகர் 185,000 பவுண் கொடுக்கத் தயாரான ஆளையே கொண்டுவந்தார். உரிமைக்காரர்கள் மனம் மாறி அந்த ஆளுக்கு விற்கவில்லை. விற்பனை முடிந்தால்தான் காசு என்பது பேச்சு, முடியவில்லை, ஆகவே காசில்லை என்றது பிரபுக்கள் சபை. சில நாள் வேலைக்கு அவ்வளவு பெரிய தொகை பேசினால், கிடைக்காமல் போகும் அபாயத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்பது அங்கே சொல்லப்பட்ட நியாயம்.

நமது பிக்ஹு என்ன சொல்கிறது?

அரபியில் தரகருக்கு 'சிம்சார்' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் மதீனாச் சந்தைக்கு வந்தபோது, அங்கிருந்தவர்களை மக்கள் அந்தப் பெயரால்தான் அழைத்து வந்தார்கள் என்றும், நபியவர்கள் அதைவிட அழகான 'வியாபாரிகள்' என்ற பெயரால் அழைத்து, வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்துவிடும், அதனால் தர்மத்தையும் கலந்துகொள்ளுங்கள் என்று புத்தி சொன்னார்கள் என்றும் கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அறிவிக்கிறார்கள். அபூதாவூத், திர்மிதி இரண்டிலும் இது இருக்கிறது. தரகுக் கூலிக்கென்றே இமாம் புகாரி தனித் தலைப்பு வைத்திருக்கிறார்கள். இப்னு சீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் ஆகியோர் அந்தக் கூலியில் குறை காணவில்லை என்று அதில் பதிந்திருக்கிறார்கள். அதாவது தரகு என்பது கேவலமான தொழில் அல்ல.

காரியம் முடிந்தால் கூலி என்ற ஏற்பாட்டுக்கு பிக்ஹில் 'ஜுஆலா' என்று பெயர். அதிலும் வேலை முடிந்தால்தான் பேசிய தொகை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களில் ஒன்றான இமாம் நவவியின் 'மின்ஹாஜ்' சொல்வதன் கருத்து இது: உழைப்பவர் வேலையைத் தொடங்கிய பிறகு சொந்தக்காரர் இடையில் கைவிட்டால், அந்த உழைப்புக்கு வழக்கமாக உள்ள கூலியைக் கொடுக்க வேண்டும். பேசிய முழுத் தொகை இல்லை, ஆனால் வெறுங்கையோடும் அனுப்பக் கூடாது. கூப்பர் வெறுங்கையோடு போனார். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் இந்த இடத்தில் 20ஆம் நூற்றாண்டு பிரபுக்கள் சபையை விட உழைப்பாளி பக்கம் அதிகம் இரங்கியிருக்கிறார்.

நம்மூரில் இது ஏன் பெரிய விஷயம்?

நமது கரையோரத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். நடுவில் இருக்கும் மண்ணைப் பேர்ச் கணக்கில்தான் பிரிக்கிறோம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இது இன்னும் இறுகியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். வடக்குக் கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டாலும், உள்ளே ஒரு துண்டு நிலம் தேடி அலைந்த காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

எந்த வளவு யாருடைய சீதனம், எந்த உறுதியில் எத்தனை பங்காளிகள், எந்த எல்லையில் பிரச்சினை என்பதெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் நமது தரகர்கள். அவர்களில் பலருக்குக் கந்தோரும் இல்லை, பென்ஷனும் இல்லை. ஒரு விற்பனைக்காகப் பத்து ஆட்களுக்குக் காணி காட்டியிருப்பார்கள். ஒன்பது வீண் நடை. பத்தாவதில் கிடைப்பது அந்த ஒன்பதுக்கும் சேர்த்த கூலி. அதை வெட்டிவிட்டு, மிச்சம் பிடித்தோம் என்று சந்தோஷப்படுவது அடுத்தவன் வேர்வையை எடுப்பதுதான்.

ஆகவே ஒரு யோசனை. காணி காட்டப் போக முதலே ஒரு தாளில் ஐந்து விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் காணி, எவ்வளவு கொமிசன், யார் கொடுப்பது, எந்த நாளில் கொடுப்பது, தரகர் கொண்டுவந்த ஆள் எத்தனை மாதத்துக்குள் வாங்கினால் கொமிசன் உண்டு. இரண்டு பேரும் கையெழுத்து, ஒரு சாட்சி. நேரமில்லையென்றால் அதையே வட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று ஒரு பதிலை வாங்கி வையுங்கள். பிணக்கு வந்துவிட்டால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். குறித்த தொகைக்குக் கீழ்ப்பட்ட பணப் பிணக்குகள் எப்படியும் அங்கே போய்த்தான் நீதிமன்றம் போக வேண்டும். அதற்கும் மேலே என்றால் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

காணி வாங்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். புதுவீட்டுக்கு அத்திவாரம் போட முதல் அந்த வளவை உங்களுக்குக் காட்டித் தந்தவரின் கணக்கு முடிந்துவிட்டதா என்று விற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஹக்கு பாக்கி இல்லாத மண்ணில் கட்டுங்கள், பறக்கத் இருக்கும்.