முத்திரையும் வெற்றுப் போத்தலும்

வாணிகம் என்பது ஒருவரையொருவர் காணாதவரிடையே நிகழும் நம்பிக்கையாகும். பொருளைச் செய்தவன் ஒரு நாட்டிலும் அதனைக் கொள்வோன் பிறிதொரு நாட்டிலும் இருக்குமிடத்து, இருவருக்குமிடையே பொருளை ஏந்திச் செல்லும் கலமே செய்தவனுக்காகச் சான்று கூறுகின்றது. ஆடையையும் அணிகலனையும் கொள்வோன் தொட்டும் பார்த்தும் தெளியலாம். அடைக்கப்பட்ட கலத்தினுள் இருக்கும் மதுவையோ மருந்தையோ அவ்வாறு தெளிதல் இயலாது. ஆகவே கலத்தின் வாயை எவ்வாறு அடைப்பது, அவ்வடைப்பு இடைவழியிற் பிறரால் திறக்கப்படவில்லை என்பதை எவ்வாறு காட்டுவது என்னும் வினா மிகத் தொன்மையானது. இதனோடு உடன்பிறந்த மற்றொரு வினா அதனினும் கடியது. உள்ளிருந்த பொருள் தீர்ந்தபின் எஞ்சும் வெற்றுக் கலம் பிறன் பொருளுக்குப் பொய்ச்சான்று கூறாவண்ணம் அதனை எவ்வாறு தடுப்பது? போத்தலின் வரலாற்றிற் பெரும்பகுதி இவ்விரண்டாம் வினாவுக்கு விடை தேடிய வரலாறேயாகும்.

பண்டை மக்கள் முதல் வினாவுக்குச் செம்மையான விடை கண்டிருந்தனர். 1922 ஆம் ஆண்டில் ஹவாட் காட்டர் கண்டறிந்த எகிப்திய மன்னன் துத்தன்காமனின் கல்லறையில் மதுச்சாடிகள் பல இருந்தன. அவற்றின் வாய்கள் களிமண்ணால் அடைக்கப்பட்டு முத்திரை பொறிக்கப்பட்டிருந்தன. மது ஆக்கப்பட்ட ஆட்சியாண்டு, திராட்சைத் தோட்டம், ஆக்கிய தலைவன் பெயர் ஆகியன சாடிகளின்மேல் எழுதப்பட்டிருந்தன. உரோமர் தம் இருகைச் சாடிகளைத் தக்கையாலோ மண்வில்லையாலோ மூடி, அதன்மேற் சாந்து பூசி, வணிகன் பெயரை அதிற் பொறிப்பதுண்டு. யவனர் நன்கலங்களிற் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு குறிப்பிடுகின்றது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945 இல் மோட்டிமர் வீலர் நடாத்திய அகழ்வில் இத்தகைய சாடிகளின் உடைந்த பகுதிகள் கிடைத்தன. இவ்வடைப்புகளின் நுட்பம் எளிது. சாந்தை உடையாமற் சாடியைத் திறத்தல் இயலாது. உடைந்த சாந்தை மீண்டும் பூசலாமேனும், முத்திரைக் கருவி இல்லாதவன் அதிற் பெயர் பொறித்தல் இயலாது. உடைவதே காவல் என்னும் இக்கருத்து இன்றுவரை மாறவில்லை.

கண்ணாடிப் போத்தல் பரவியபோது நிலைமை வேறாயிற்று. 17 ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்திற் செல்வர் தமக்கெனப் போத்தல்களைச் செய்வித்து, தம் பெயரையோ குலச்சின்னத்தையோ கண்ணாடி வில்லையிற் பொறித்து அவற்றின் தோளில் ஒட்டுவித்தனர். சாமுவேல் பீப்ஸ் தம் சின்னம் பொறித்த புதிய போத்தல்களில் மது நிரப்பப்பட்டதைக் கண்டு மகிழ்ந்த செய்தி, 1663 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாத நாட்குறிப்பிற் காணப்படுகின்றது. ஈண்டுக் கருதத்தக்கது யாதெனின், அப்போத்தலிற் பொறித்த பெயர் மதுவை ஆக்கியவன் பெயரன்று, போத்தலை உடையவன் பெயராகும். போத்தல் வெறுமையானால் அதனை மது வணிகனிடம் அனுப்பி மீண்டும் நிரப்புவதே வழக்கம். அக்காலத்தில் மீள்நிரப்பல் வஞ்சனையன்று. அதுவே போத்தலின் பயன். போத்தல் உடையவன் பெயரை விட்டு, உள்ளிருக்கும் பொருளின் பெயரைக் கூறத் தொடங்கிய பின்னரே மீள்நிரப்பல் குற்றமாயிற்று.

இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுவது இலண்டன் வணிகர் றொபேட் டேர்லிங்டனின் வரலாறு. அவர் 1744 இல் "உயிர்த் தைலம்" என்னும் மருந்துக்கு அரசரிடம் ஆக்கவுரிமை பெற்றார். இருபத்தேழு சரக்குகள் சேர்ந்தது எனப்பட்ட அம்மருந்து எண்ணற்ற நோய்களைத் தீர்க்குமென விளம்பரஞ் செய்யப்பட்டது. மருந்து பெயர்பெறவே அதன் போத்தலும் பெயர்பெற்றது. வஞ்சகர் சிலர் பயன்படுத்திய போத்தல்களை விலைக்கு வாங்கி, இழிந்த கலவையை நிரப்பி, டேர்லிங்டனின் மருந்தென விற்கலாயினர். இதனைத் தடுக்க அவர் 1754 இற் புதியதொரு போத்தலை வெளியிட்டார். அது பேரிக்காய் போன்ற தனி வடிவினது. அவர் பெயரும், அரச உரிமையும், 1754 சனவரி 26 என்னும் நாளும் கண்ணாடியிலேயே புடைப்பெழுத்தாக வார்க்கப்பட்டிருந்தன.

இத்திட்டம் அறிவுடையதாகத் தோன்றினும் அதன் அடிப்படையிலே ஒரு குறை இருந்தது. கடுதாசிச் சீட்டைக் கிழிக்கலாம், கழுவலாம். கண்ணாடியில் வார்த்த எழுத்து அழியாது. அழியாமையே அதன் குறையாயிற்று. மருந்து தீர்ந்தபின்னும் போத்தல் அதே உறுதியுடன், "என்னுள் இருப்பது டேர்லிங்டனின் மருந்து" என்று கூறிக்கொண்டேயிருந்தது. சான்று எவ்வளவு வலியதோ, வெற்றுப் போத்தலின் விலையும் வஞ்சகனுக்கு அவ்வளவு உயர்ந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களில் இது முற்றிய நிலையை அடைந்தது. அங்குள்ள மருந்து வணிகர் பழைய போத்தல்களை நிரப்பியதோடமையாது, அதே வடிவிலும் அதே எழுத்துகளோடும் புதிய வெற்றுப் போத்தல்களைச் செய்வித்தும் பெற்றனர். மக்கள் மருந்தை அறிந்தவரல்லர். போத்தலின் உருவத்தையே அறிந்திருந்தனர். உருவம் மாறாதிருந்தமையால் உள்ளே எதுவும் மாறலாயிற்று.

இதன் தீமை பணவிழப்போடு நின்றதன்று. பிலதெல்பியா மருந்தாக்கக் கல்லூரியினர் 1824 இற் பழைய ஆங்கில மருந்துகள் எட்டினை ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டமான செய்முறையை வெளியிட்டனர். ஒரே பெயரோடும் ஒரே போத்தலோடும் விற்கப்பட்ட மருந்துகள் கடைக்குக் கடை வேறுபட்டமையே அம்முயற்சிக்குக் காரணமாயிற்று. அவ்வெட்டினுள் ஒன்றாகிய கொட்பிறி மருந்து, அழுங் குழந்தைகளை உறங்கவைக்கக் கொடுக்கப்பட்டது. அதில் அபின் சேர்ந்திருந்தது. அபினின் அளவு செய்பவனுக்குச் செய்பவன் மாறுமாயின், முன்பு வாங்கிய போத்தலின் அளவை நம்பிப் பின்பு வாங்கியதைப் புகட்டும் தாயின் நிலை யாதாகும்? போத்தலை நம்பிய நம்பிக்கையே அங்கு நஞ்சாக மாறக்கூடியதாயிருந்தது.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே போராட்டம் அமெரிக்க விஸ்கி வாணிகத்திற் கடுமையாயிற்று. கலப்பு வணிகர் வெறும் மதுசாரத்துக்கு நிறமும் சுவையுமூட்டிப் பழைய விஸ்கியென விற்றனர். 1897 ஆம் ஆண்டுச் சட்டம், அரசு மேற்பார்வையுள்ள பண்டசாலையில் நான்கு ஆண்டாயினும் இருந்து, நூற்றுக்கு ஐம்பது பங்கு மதுசாரமுடைய விஸ்கியின் போத்தல் வாய்மீது அரச முத்திரைச் சீட்டொன்றை ஒட்ட இடமளித்தது. திறக்கும்போது சீட்டுக் கிழியும். உரோமரின் சாந்து கடுதாசியாய் மீண்டும் வந்தது எனலாம். ஆனால் மதுச்சாலையிற் குடிப்பவன் போத்தலைத் தானே திறப்பதில்லை. முன்னரே திறந்த போத்தலிலிருந்து அவனுக்கு வார்க்கப்பட்டது. கிழிந்த சீட்டு அங்கு இயல்பாகவே தோன்றுமாதலின், காலையில் நல்ல விஸ்கி இருந்த போத்தலில் மாலையில் எது இருந்தது என்பதைச் சீட்டு அறிவிக்கவில்லை.

ஆகவே ஊற்றலாம், ஆனால் நிரப்பலாகாது என்னும் போத்தலைத் தேடி மிகப் பலர் ஆக்கவுரிமை பெற்றனர். பெரும்பாலோர் கழுத்தினுள் ஒரு வால்வை அமைத்தனர். போத்தல் நிமிர்ந்திருக்கும்போது சிறு கண்ணாடிக் குண்டோ மிதவையோ துளையை அடைத்துக்கொள்ளும். சரித்தால் அது விலகி வழிவிடும். கருத்து எளிதாயினும் இயற்கை அதற்கு ஓர் இடையூறு வைத்திருந்தது. போத்தலிலிருந்து நீர்மம் வெளியேற வேண்டுமாயின், அதனிடத்தை நிரப்ப வளி உட்புகல் வேண்டும். வளி புகும் வழி முற்றாக அடைபடின் போத்தல் ஊற்றாது. அவ்வழி திறந்திருப்பின், பொறுமையுள்ள வஞ்சகன் போத்தலைச் சரித்தோ, நீர்மத்துள் அமிழ்த்தியோ, உள்வளியை உறிஞ்சியெடுத்தோ, சிறிது சிறிதாக நிரப்பிவிடுவான். கம்பியை நுழைத்துக் குண்டைத் தள்ளுதலும் உண்டு. இவற்றையெல்லாம் தடுக்கும் பொறி விலையுயர்ந்ததாயும், ஊற்றுதற்குத் தொல்லையானதாயும் முடிந்தது. இன்று பல மதுப் போத்தல்களின் கழுத்திற் காணப்படும் பிளாஸ்ரிக் அடைப்பும் குண்டும் அத்தேட்டத்தின் வழித்தோன்றல்களே. அவை மீள்நிரப்பலை மிகவும் கடினமாக்கின. முற்றாக ஒழித்தன என்று கூறவியலாது.

பொறி முடிக்காததைச் சட்டம் முடிக்க முயன்றது. ஐக்கிய அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 இல் நீங்கியபின், 1935 முதல் 1964 வரை மதுப் போத்தல்களின் கண்ணாடியில் ஒரு வாசகம் புடைப்பெழுத்தாக வார்க்கப்பட்டது. இப்போத்தலை விற்பதையும் மீளப் பயன்படுத்துவதையும் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கின்றது என்பதே அதன் கருத்து. டேர்லிங்டனின் போத்தல் உள்ளிருப்பது யாருடையது என்று கூறியது. இப்போத்தலோ தன்னை இரண்டாம்முறை நம்பவேண்டாம் என்று தானே எச்சரித்தது. இரண்டு நூற்றாண்டு அனுபவத்தின் பயன் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

மூடி வகையிலும் பழைய கருத்தே வென்றது. போத்தலின் புரியோடு அழுத்திப் பொருத்தும் அலுமினிய மூடியின் அடியில் ஒரு வளையம் உண்டு. அதனை மூடியோடு இணைப்பவை மிகச் சிறிய பாலங்கள். மூடியை முதன்முறை திருகும்போது அவை அறுந்து, வளையம் கழுத்திலே தங்கிவிடும். அறுந்ததை மீண்டும் ஒட்டுதல் எளிதன்று. இம்மூடி திறப்பதைத் தடுப்பதில்லை. திறந்ததை மறைக்கவியலாமற் செய்கின்றது.

இவ்வேறுபாட்டை உலகு முழுதும் உணரச் செய்தது 1982 ஆம் ஆண்டுத் துயரம். சிக்காகோ நகர்ப் பகுதியில் ரைலனோல் என்னும் வலிநீக்கி மருந்தின் கப்சூல்களில் எவனோ சயனைட்டு நஞ்சிட்டுக் கடைகளில் வைத்தமையால் எழுவர் இறந்தனர். கொலைக்குற்றம் எவர்மீதும் நிறுவப்படவில்லை. செய்த நிறுவனம் ஏறத்தாழ 3 கோடியே 10 இலட்சம் போத்தல்களைத் திரும்பப் பெற்றது. பின்னர் அம்மருந்து ஒட்டிய பெட்டி, கழுத்தைச் சுற்றிய பிளாஸ்ரிக் உறை, வாயை மூடிய தகடு என்னும் மூன்று காவல்களுடன் வந்தது. அவ்வாண்டிலேயே இத்தகைய காவல்களை அமெரிக்க அரசு கட்டாயமாக்கியது. முதலில் "தலையீட்டைத் தடுக்கும்" உறை எனப்பட்ட விதி, 1998 இல் "தலையீட்டைக் காட்டும்" உறை எனப் பெயர் மாறியது. எவ்வுறையும் தடுக்காது, காட்டவே வல்லது என்பது அச்சொல்மாற்றத்தின் பொருள்.

எனினும் வெற்றுப் போத்தலின் வஞ்சனை ஒழிந்தபாடில்லை. அரிய பழைய மதுவெனப் போலியை விற்ற றூடி குர்ணியவான் 2013 இல் நியூயோர்க்கிற் குற்றவாளியாகக் காணப்பட்டார். பழம் போத்தல்களை வெறுமையான நிலையிற் பெற்று நிரப்பியது அவர் முறைகளுள் ஒன்று. இந்தியாவிற் குடிநீர்ப் போத்தல்களில், பயன்படுத்தியபின் நசுக்கிவிடுக என்னும் அறிவிப்பு அச்சிடப்படுவதும் இக்காரணம் பற்றியே. பெருநிறுவனங்களின் பொறிகளெல்லாவற்றுக்கும் பின்னர், இறுதிக் காவல் பருகியவனின் கையிலேயே விடப்பட்டுள்ளது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. அழியாத அடையாளம் நம்பிக்கையைக் காக்கும் என்று எண்ணியோர் வெற்றுக் கலத்தை வஞ்சகனுக்கு வழங்கினர். ஒருமுறை அழிந்துபோகும் அடையாளமே நம்பிக்கையைக் காத்தது. ஆனால் உடைந்த சாந்தும், கிழிந்த சீட்டும், அறுந்த வளையமும் நோக்குவோருக்கே சான்றாகும். மூடியின் வளையத்தை நோக்காது மருந்தை வாங்குவோனுக்கும், போத்தலை நசுக்காது எறிவோனுக்கும் எப்பொறியாலும் பயனில்லை.