வட்டுக்கோட்டையிலிருந்து திருவண்ணாமலைக்கு

இலங்கைத் தீவின் யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷனரிகள் 1816இல் வந்தனர். டேனியல் பூவர் தெல்லிப்பழையில் பள்ளி தொடங்கினார். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி எழுந்தது. அவர்கள் நாடியது மதமாற்றம். ஊரார் நாடியதோ உத்தியோகம் தரும் ஆங்கிலம். இந்த அமெரிக்க மிஷனின் கிளையே 1834இல் உருவான மதுரை மிஷன்.

மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளி மாணவர் வேங்கடராமனுக்கு 1896 ஆகஸ்டில் ஒரு தண்டனை: பெயினின் ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுத வேண்டும். இரண்டு முறை எழுதியவர் தாளை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். அண்ணனின் கல்லூரிக் கட்டணம் ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, தமிழில் சீட்டு எழுதிவைத்துக் கிளம்பினார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார். அவர் ரமண மகரிஷி ஆனது பின்னர். பாங்காக்கில் ஆங்கிலம் கற்பித்த ஆர்தர் ஆஸ்போர்ன் திருவண்ணாமலையில் குடியேறி, 1964இல் ரமணரின் ஆசிரமத்துக்காக ‘மவுண்டன் பாத்’ ஆங்கில இதழைத் தொடங்கினார்.