மூணு வருஷம் கழிச்சா முதல் வீடு

2015ல் ஒரு சனிக்கிழமை காலை. சிகாகோவுக்கு மேற்கே உள்ள புறநகரில், ஒரு கடன் தரகரின் ஆபீசில் நானும் தங்கமணியும் உட்கார்ந்திருந்தோம். மாநில அரசோட வீட்டுக்கடன் உதவித் திட்டம் ஒண்ணு இருக்கு, வட்டி குறைவு, முன்பணத்துக்கும் கொஞ்சம் கை கொடுப்பாங்கன்னு கேள்விப்பட்டுப் போயிருந்தோம். கையில் கொடுத்த தாளின் தலைப்பிலேயே "முதல் முறை வீடு வாங்குபவர்களுக்கு" என்று போட்டிருந்தது. சரி, நமக்கு இல்லை என்று எழுந்துவிட்டேன். ஏன்னா 2006ல் நாங்க ஒரு வீடு வாங்கியிருந்தோம். எனக்கு வேலை போய், தவணை கட்ட முடியாம, 2010ல் கடன் பாக்கியை விடக் குறைந்த விலைக்கு அதை விற்றோம் (இங்கே அதுக்குப் பேர் ஷார்ட் சேல்). நாலு சூட்கேசும் ஒரு கிரைண்டருமா வாடகை அப்பார்ட்மெண்ட்டுக்குப் போனோம்.

"வித்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டார் எதிரே இருந்த அம்மா.

அஞ்சு வருஷம்னு சொன்னேன்.

"அப்போ நீங்க முதல் முறை வாங்குறவங்கதான். உட்காருங்க."

எனக்கு உள்ளூர சந்தோஷம். தங்கமணி மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ நம்ம அந்த வீடு கணக்குலயே இல்லையா?" என்று தமிழில் மெதுவாகக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியலை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நூலகத்தில் தேடியதுதான் இந்தப் பதிவு.

மாநில அரசு வீடு வாங்கக் கடன் கொடுப்பது புதுசு இல்லை. கலிஃபோர்னியா 1921லேயே, முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக ஒரு சட்டம் போட்டது. மாநிலமே பத்திரம் விற்றுப் பணம் திரட்டும். அந்தப் பணத்தில் வீட்டையோ பண்ணையையோ வாங்கி, சிப்பாய்க்குத் தவணையில் விற்கும். கடன் முடிகிறவரை பத்திரம் அரசு பேரில் இருக்கும்.

அந்தக் காலத்தில் சாதாரண ஆளுக்கு வங்கி கொடுத்த கடனோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிசுன்னு புரியும். விலையில் பாதியைக் கையிலிருந்து போடணும். மூணு வருஷமோ அஞ்சு வருஷமோ வட்டி மட்டும் கட்டிவிட்டு, கடைசியில் அசல் மொத்தத்தையும் எடுத்து வைக்கணும், இல்லாட்டி மறுபடி கடன் வாங்கணும். 1930களின் பெருமந்தத்தில் இந்த ஏற்பாடு பொலபொலன்னு சரிஞ்சுது. 1934ல் மத்திய அரசு எஃப்.எச்.ஏ. என்ற காப்பீட்டு அமைப்பைக் கொண்டுவந்தது. விலையில் 80 சதவீதம் வரை கடன், 20 வருஷம் வரை தவணை, அசலும் வட்டியும் சேர்ந்தே கரையும். இன்னைக்கு நாம கட்டுகிற இ.எம்.ஐ.க்கு அதுதான் பாட்டன்.

ஆனா யாருக்கு? கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளை "ஆபத்து" என்று ஒதுக்கி வைத்தது அதே அமைப்பு. வெள்ளையர் தெருவில் வேற்று இனத்தவர் வரக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைக்கச் சொன்னது அதன் கையேடு. எங்க சிகாகோவில் லான்டேல்னு ஒரு பகுதி. அங்கே கறுப்பர்களுக்கு வங்கிக் கடன் கிடைக்காததால், இடைத்தரகர்கள் வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கி, பல மடங்கு விலைக்குத் தவணையில் விற்றார்கள். பத்திரம் தரகர் கையில். ஒரு தவணை தவறினாலும் வீடும் போச்சு, அதுவரை கட்டிய பணமும் போச்சு. கலிஃபோர்னியா சிப்பாய்க்கு அரசு செய்ததும் தவணை விற்பனை, இதுவும் தவணை விற்பனை. பத்திரத்தை வைத்திருந்த கை மட்டும் வேற. 1968ல் லான்டேல் மக்கள் சங்கமாகச் சேர்ந்து, தவணை கட்ட மாட்டோம் என்று நின்றார்கள்.

அதே 1968 ஆகஸ்டில் அதிபர் ஜான்சன் கையெழுத்துப் போட்ட வீட்டுவசதிச் சட்டத்தில் 235ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஏழைக் குடும்பம் 200 டாலர் முன்பணத்தோடு வீடு வாங்கலாம். வட்டிச் சுமையை 1 சதவீதம் வரைக்கும் குறைத்து மீதியை அரசு கட்டும். கேட்க எவ்வளவு நல்லா இருக்கு! நடந்ததோ வேறு. ஓட்டை உடைசலான வீடுகளுக்கு மேலே பெயிண்ட் அடித்து, மதிப்பீட்டாளர்களைக் கவனித்து, விலையை ஏற்றி, தலையில் கட்டினார்கள். கூரை ஒழுகுது, கொதிகலன் வெடிக்குது, சரிசெய்யக் காசில்லாத குடும்பங்கள் வீட்டை விட்டுட்டுப் போனார்கள். 1973 ஜனவரியில் நிக்ஸன் அரசு மானியங்களை நிறுத்திவைத்தது. பழி என்னவோ வாங்கியவர்கள் தலையில்தான் அதிகம் விழுந்தது. 2010ல் என்னையும் ஒருத்தர் "தகுதிக்கு மீறி வாங்கினா இப்படித்தான்" என்றார், ஞாபகம் வருது.

இதுக்கு நடுவில் மாநிலங்கள் தனி வழியில் போய்க்கொண்டிருந்தன. நியூயார்க் 1960ல் ஒரு வீட்டு நிதி நிறுவனம் தொடங்கியது. இலினாய் 1967ல். 1970ல் நியூயார்க் தனியாக ஒரு அடமானக் கடன் நிறுவனமும் வைத்தது. பத்திரம் வெளியிட வாக்காளர் சம்மதம் வேணுமே? அதைச் சுற்றிப் போக ஒரு வக்கீல் வழி கண்டுபிடித்தார். திருப்பித் தர மாநிலத்துக்குச் சட்டக் கடமை கிடையாது, தார்மீகக் கடமை மட்டும்! அந்த வக்கீல் பேர் ஜான் மிட்செல். பின்னாடி நிக்ஸனின் அட்டர்னி ஜெனரலாகி, வாட்டர்கேட்டில் ஜெயிலுக்குப் போனவரேதான். தார்மீகம் :-)

சூட்சுமம் இதுதான். மாநிலமும் நகராட்சியும் விற்கும் பத்திரத்தின் வட்டிக்கு மத்திய வருமான வரி கிடையாது. வரி இல்லைங்கறதால முதலீட்டாளர் குறைந்த வட்டிக்கே பணம் தருவார். அந்தக் குறைந்த வட்டியை வீடு வாங்குபவருக்கு அப்படியே கடத்தலாம். மாநிலத்துக்குக் கையைக் கடிக்காது. நஷ்டம் வாஷிங்டன் கஜானாவுக்கு.

பல வருஷம் இதை யாரும் கண்டுக்கலை. 1978ல் சிகாகோ மாநகராட்சி 10 கோடி டாலருக்குப் பத்திரம் விற்று, ஏழைகளோடு நிறுத்தாமல் நல்ல வருமானக்காரர்களுக்கும் சந்தையை விடக் குறைந்த வட்டியில் வீட்டுக்கடன் கொடுக்க ஆரம்பித்தது. ஊர் ஊராக அதே வழியில் இறங்கின. வாஷிங்டனுக்கு வயிற்றைக் கலக்கியது. வரிக் குழுத் தலைவர் அல் உல்மன் 1979ல் இதை அடக்க மசோதா கொண்டுவந்தார். கஜானா காலியாகும், பள்ளிக்கூடம், சாக்கடைன்னு மற்ற காரியங்களுக்கு விற்கும் பத்திரங்களின் வட்டியும் ஏறும் என்பது வாதம். 1980 டிசம்பரில் சட்டம் ஆனது. நவம்பர் தேர்தலில் உல்மனே தோற்றுவிட்டார் என்பது தனிக்கதை.

அந்தச் சட்டத்தில் வைத்த வேலிகளில் ஒன்றுதான் "முதல் முறை". கடந்த 3 வருஷத்தில் தான் குடியிருக்கும் வீட்டைச் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது. அவ்வளவுதான். ஆயுசு முழுக்க வீடே வாங்காதவர் என்று எழுதவில்லை. எழுதினால் யார் சரிபார்ப்பது? 3 வருஷ வருமான வரித் தாக்கலைக் காட்டச் சொன்னால் போதும், வீட்டுக்கடன் வட்டிக்குக் கழிவு கேட்டிருந்தால் மாட்டிக்கொள்வார். வசதிக்காக வரைந்த கோடு என்றுதான் எனக்குத் தோணுது. 1983 முடிவில் காலாவதியாகி, 1984ல் உயிர் பெற்று, 1986 வரிச் சட்டத்தில் இறுக்கப்பட்டு, 1993ல்தான் நிரந்தரமானது. வருமான வரம்பு, விலை வரம்பு எல்லாம் உண்டு.

1988ல் இன்னொரு கொக்கி. இந்தக் கடனில் வாங்கிய வீட்டை 9 வருஷத்துக்குள் லாபத்துக்கு விற்று, வருமானமும் வரம்பைத் தாண்டியிருந்தால் மத்திய அரசு ஒரு பங்கைத் திரும்பப் பிடிக்கும். 1991லிருந்து கொடுத்த கடன்களுக்கு இது பொருந்தும்.

எனக்கு இந்தத் திட்டம் முழுக்க உடன்பாடுன்னு சொல்ல மாட்டேன். வரிச் சலுகையில் ஒரு பகுதி பத்திரம் வாங்கும் பணக்காரருக்கே போய்விடுகிறது. நேரா மானியமா கொடுத்தால் செலவு குறையும். ஆனா நேரா கொடுத்த 235க்கு என்ன ஆச்சுன்னும் பார்த்தோம். 2023ல் கலிஃபோர்னியா, விலையில் 20 சதவீதம் வரை தந்துவிட்டு, பிற்பாடு வீட்டு விலை ஏற்றத்தில் பங்கு கேட்கும் திட்டம் ஒன்றைத் திறந்தது. சுமார் 30 கோடி டாலர் 11 நாளில் தீர்ந்தது. அடுத்த வருஷம் குலுக்கல். இப்போ நம்மாளுங்களுக்கு இன்னொரு கதவும் மூடியிருக்கு. 2025 மே 25லிருந்து ஹெச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு எஃப்.எச்.ஏ. கடன் கிடையாது. மாநில உதவி பலவும் அந்தக் கடனின் முதுகில் ஏறி வருவது, அதனால் அதுவும் எட்டாது.

நாங்க அந்த 2015லேயே வாங்கிட்டோம். க்ளோசிங் அன்னைக்கு கொடுத்த காகிதக் கட்டில், அந்த 9 வருஷ நிபந்தனைத் தாள் தனியாக ஒன்று இருந்தது. 2024ல் கெடு முடிந்தது. இனி இதைக் கிழிச்சுப் போடலாமேன்னு எடுத்தேன். தங்கமணி வாங்கி, 2006ல் வாங்கிய வீட்டின் பழைய சாவி இருக்கிற உறைக்குள்ளேயே வைத்துவிட்டாள்.