வாழையும் வாளையும்

நூற்பட்டியல் என்றதும் நேயர்களிற் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நூலைப் பற்றிப் பேசலாம். நூலின் பட்டியலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? இருக்கிறது என்பதே என் எண்ணம். எங்கோ ஓர் அலுமாரியில் ஒரு நூல் இருந்தும், அது அங்கே இருப்பதை அறிய வழியில்லையென்றால் தேடுபவருக்கு அதனால் என்ன பயன்?

1901ஆம் ஆண்டில், வாஷிங்டனிலுள்ள கொங்கிரஸ் நூலகம் தான் அச்சிட்ட பட்டியல் அட்டைகளைப் பிற நூலகங்களுக்கும் விற்கத் தொடங்கியது. ஒரு நூலை ஒருவர் ஒருமுறை ஆராய்ந்து எழுதிய விபரத்தைப் பல ஊர்களிலுள்ள நூலகர்கள் மறுபடி எழுதவேண்டிய தேவை அத்தோடு நீங்கியது. பகிர்ந்துகொள்ளும் எண்ணம் கணனிக்கு முன்னரே, மர இழுப்பறைக்குள் பிறந்துவிட்டது எனலாம்.

கணனி வந்தபோது புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. அட்டையைப் பார்த்த மாத்திரத்தே எது ஆசிரியர் பெயர், எது தலைப்பு என்று நமக்குத் தெரிந்துவிடும். இயந்திரத்துக்குத் தெரியாது. 'பாரதி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நூலை எழுதியவர் பாரதியா, நூல் பாரதியைப் பற்றியதா, நூலின் பெயரே பாரதியா? வேற்றுமைத் தொகையை விரித்துப் பொருள் கொள்ளும்படி வகுப்பில் மாணவருக்குச் சொல்கிறோமல்லவா, ஏறக்குறைய அந்த வேலைதான் இதுவும். கொங்கிரஸ் நூலகத்தில் அதை முன்னின்று செய்தவர் ஹென்றியெற் அவ்ராம் என்ற பெண்மணி. அவர் நூலகவியல் பயின்றவரல்லர். கணனி நிரல் எழுதுபவர். அவர் தலைமையில் உருவான 'மார்க்' என்னும் பதிவு முறையில் ஆசிரியருக்கு 100, தலைப்புக்கு 245, நூல் யாரைப் பற்றியதோ அவருக்கு 600 என இலக்கங்கள் வகுக்கப்பட்டன. 1966இல் 16 நூலகங்களோடு பரீட்சார்த்தமாகத் தொடங்கிய முயற்சி, 1969 முதல் காந்த நாடாக்களாக வெளியே போனது. 1971 ஓகஸ்ட் 26ஆம் திகதி ஒஹியோ பல்கலைக்கழக நூலகம், தொலைவிலிருந்த பொதுக் கணனியொன்றின் பதிவுகளைக் கொண்டு தன் நூல்களைப் பட்டியலிட்டது. அந்த ஏற்பாட்டை நடத்திய அமைப்பு, ஓ.சி.எல்.சி., பின்னாளில் உலகின் மிகப் பெரிய கூட்டுப் பட்டியலின் உரிமையாளராயிற்று.

ஆயினும் ஒவ்வொரு நூலகக் கணனியும் தனக்கென ஒரு பேச்சு வைத்திருந்தது. ஒன்றிடம் கேட்கும் முறை மற்றொன்றுக்கு விளங்காது. இதற்குப் பொதுமொழியாக 1988இல் அமெரிக்க நியமமாக வந்ததே 'இசட் 39.50'. (பெயர் வைத்த வேளையில் அருகே ஒரு தமிழாசிரியர் இருந்திருக்கலாம்!) கேட்பவரின் கணனி, தேடும் சொல்லோடு ஓர் இலக்கத்தையும் சேர்த்து அனுப்பும். 4 என்றால் தலைப்பு, 1003 என்றால் ஆசிரியர். பெறும் நூலகம் அதைத் தன் பேச்சுக்கு மாற்றித் தேடி, விடையைப் பொது வடிவில் திருப்பி அனுப்பும். பதிவுகள் அவரவர் வீட்டிலேயே இருக்கும். கேள்வி மட்டும் வீடு வீடாகப் போய்வரும்.

அழகான ஏற்பாடு. நடைமுறையில் இடறியது. தலைப்பு என்றால் முதற்சொல்லிலிருந்து பொருந்தவேண்டும் என்று ஒரு நூலகம் கொண்டது. எந்தச் சொல் பொருந்தினாலும் போதும் என்று இன்னொன்று கொண்டது. ஒரே கேள்விக்கு இரு விதமான விடை. இதைச் சீர்செய்யவே 2000இல் 'பாத்' உடன்பாடு வந்தது. மேலும், பத்து வீடுகளில் கேட்டால் மிக மெதுவாகக் கதவு திறக்கும் வீட்டுக்காகக் காத்திருக்கவேண்டும். ஆகவே பதிவுகளின் பிரதிகளை ஓரிடத்தில் திரட்டித் தேடும் முறையே வரவர மேலோங்கிற்று. இசட் 39.50 மறைந்துவிடவில்லை; பதிவுகளைப் பிரதிசெய்துகொள்ளப் பல நூலகங்களில் இன்றும் பயன்படுகிறது.

திரட்டி வைப்பதே நல்லது என்பது என் பக்கம். யாழ்ப்பாணத்தவன் எவனும் அப்படித்தான் சொல்வான். நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையோடு எழுந்த நம் பொது நூலகத்தில் 1981இல் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். பட்டியலும் நூலும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் தீ இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

எரிந்த நூல் ஒன்றின் வேறு பிரதி எங்காவது உண்டா என்று தேடப் புகுந்தால் இலண்டனையும் அமெரிக்காவையும் கேட்கவேண்டியிருக்கிறது. பிரித்தானிய நூதனசாலையின் தமிழ் நூற்பட்டியல் 1909இலேயே அச்சில் வந்தது. ஆனால் கணனியிற் கேட்கும்போது நமக்கென்று வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. அப்பதிவுகளில் தமிழ்ப் பெயர்கள் உரோம எழுத்தில் இருக்கின்றன. சகரத்துக்கு அங்கே 'எஸ்' இல்லை, 'சி' என்னும் மூன்றாம் எழுத்து. என் மாணவர் ஒருவர் 'எஸ்' போட்டுச் சிலப்பதிகாரத்தைத் தேடி, "இல்லையாம் சேர்" என்று வந்து நின்றார். யாழ்ப்பாணம் என்று தலைப்புத் தொடங்கினால் 'வை' எழுத்தில் இருக்கும். அதே ஊர் நூலின் பொருளாக வந்தால் 'ஜே' எழுத்துக்குப் போய்விடும்.

லகரத்துக்கு 'எல்'. ளகரத்துக்கு அதன் கீழே ஒரு புள்ளி. ழகரத்துக்கு அதன் கீழே ஒரு கோடு. எழுதியவர்கள் கவனமாகத்தான் எழுதினார்கள். ஆனால் தேடும் கணனிகள் பெரும்பாலும் புள்ளியையும் கோட்டையும் பொருட்படுத்துவதில்லை. வாழை, வாளை, வாலை மூன்றும் அங்கே ஒரே சொல். தமிழ் எழுத்திலேயே எழுதிவைக்க மார்க் பதிவில் 880 என்று ஓர் இடம் உண்டு. பழைய தமிழ்ப் பதிவுகள் பலவற்றில் அந்த இடத்தை யாரும் நிரப்பவில்லை. ஆகவே இப்போது தேடப் போகும் மாணவருக்கு நூற்பெயரை எழுதிக் கொடுக்கும் முன்னர், இந்த எழுத்து மாற்று அட்டவணையைத்தான் எழுதிக் கொடுக்கிறேன்.